மணலில் வாழும் சவ்வுக்கால் பல்லி: அதன் உடலும் உறவுமுறையும்

ஒட்டி ஏற ஒரு சுவரோ பாறையோ மரமோ இல்லாத இடத்தில் ஒரு பல்லி என்ன செய்யும்? ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையோரம் நீண்டு கிடக்கும் நமீப் பாலைவனத்தில் இந்தக் கேள்விக்கு விடையாகவே ஒரு பல்லி வாழ்கிறது. அதன் அறிவியல் பெயர் பாக்கிடாக்டைலஸ் ராங்கெயி. தமிழில் வசதிக்காகச் சவ்வுக்கால் பல்லி என்று வைத்துக்கொள்வோம். நான்கு பாதங்களிலும் விரல்களுக்கு நடுவே சவ்வு விரிந்திருக்கும். நீந்துகிற உயிரினங்களுக்குத்தான் இப்படிப்பட்ட பாதம் இருக்கும் என்று நினைப்போம். இந்தப் பல்லியோ ஓடையோ குளமோ இல்லாத மணற்காட்டில் வாழ்கிறது.

இந்த ஒரு பாதத்தைப் புரிந்துகொண்டால் இரண்டு விஷயங்கள் தெளிவாகிவிடும். ஒன்று, ஓர் உயிரினத்தின் உடல் அது வாழும் இடத்துக்கு எப்படிப் பொருந்திப் போகிறது என்பது. இன்னொன்று, அந்தப் பொருத்தமே அதன் உறவினர் யார் என்ற கேள்வியில் விஞ்ஞானிகளை எப்படித் திசைதிருப்பிவிடும் என்பது. இந்தப் பல்லி விஷயத்தில் அந்தக் குழப்பம் தீரக் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு பிடித்தது.

முதலில் ஆளைப் பார்ப்போம். தலை முதல் வால் நுனி வரை சுமார் 12 முதல் 14 சென்டிமீட்டர். உடல் ஒல்லி, கால்கள் மெலிந்து நீண்டவை. நடக்கும்போது வயிற்றை மணலிலிருந்து நன்றாகத் தூக்கிக்கொண்டு நடக்கும். தோல் இளஞ்சிவப்பும் மணல் நிறமும் கலந்தது. அவ்வளவு மெல்லியது என்பதால் வெளிச்சம் ஊடுருவும்போது உள்ளுறுப்புகளின் நிழல் தெரியும். முதுகில் பழுப்புக் கோடுகளும் திட்டுகளும் இருக்கும். வயிறு வெள்ளை. தலைக்குக் கொஞ்சமும் பொருந்தாத அளவுக்குப் பெரிய கண்கள் இரண்டு, கருஞ்சிவப்பாக, நடுவில் செங்குத்தான பிளவுபோன்ற பாவையோடு. படங்களைப் பார்க்கிறவர்கள் முதலில் வியப்பது அந்தக் கண்களைத்தான். எனக்கு அந்தப் பாதங்கள்தான் பெரிது.

நமீப்: மழையில்லை, மூடுபனி உண்டு

பல்லியைப் புரிந்துகொள்ள அதன் ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டும். நமீப் பாலைவனம் அங்கோலாவின் தென்மேற்கில் தொடங்கி, நமீபியாவின் கடற்கரை முழுவதும் ஓடி, தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மூலை வரை சுமார் 2,000 கிலோமீட்டர் நீள்கிறது. உலகின் மிகப் பழைய பாலைவனங்களில் ஒன்று இது. சவ்வுக்கால் பல்லி வாழ்வதும் இந்த மூன்று நாடுகளில்தான், அதிலும் கடலை ஒட்டிய மணற்பகுதிகளில்தான்.

கடலுக்குப் பக்கத்தில் பாலைவனம் எப்படி வந்தது? அங்கே ஓடும் பெங்குவேலா நீரோட்டம்தான் காரணம். தெற்கிலிருந்து வரும் இந்தக் குளிர்ந்த நீரோட்டம் மேலேயுள்ள காற்றையும் குளிர வைத்துவிடுகிறது. குளிர்ந்த காற்று மேலெழும்பி மழைமேகமாகத் திரளாது. ஆகவே கடலோரத்தில் ஆண்டு மழை பல இடங்களில் 20 மில்லிமீட்டரைக்கூட எட்டாது. ஆனால் அதே குளிர்ச்சி காற்றிலுள்ள ஈரத்தை மூடுபனியாக மாற்றுகிறது. கடற்கரையில் ஆண்டுக்கு நூறு நாட்களுக்கும் மேல் பனி மூடியிருக்கும். இரவிலும் அதிகாலையிலும் அது நிலத்துக்குள் பல கிலோமீட்டர் நகர்ந்து வரும்.

நமீபின் சின்னஞ்சிறு உயிர்கள் பலவற்றுக்கு இந்தப் பனிதான் தண்ணீர்க் கணக்கு. ஓனிமாக்ரிஸ் அங்குவிகுலாரிஸ் என்ற கருவண்டு பனி வரும் நேரத்தில் மணற்குன்றின் முகட்டில் தலைகீழாகக் குனிந்து நிற்கும். முதுகில் படியும் நீர் வழிந்து வாய்க்கு வரும். நமது பல்லிக்கும் அதேபோல் ஒரு வழி உண்டு. அதன் உடலிலும் தலையிலும் அந்தப் பெரிய கண்களிலும் பனித்துளிகள் படிகின்றன. பல்லி நாக்கை நீட்டித் தன் முகத்தையும் கண்ணையும் நக்கி அதைக் குடித்துக்கொள்கிறது.

கண்ணை எப்படி நக்கும் என்று தோன்றலாம். பெரும்பாலான பல்லிகளுக்கு மூடித் திறக்கும் இமை கிடையாது. கண்ணின் மேல் அசையாத, கண்ணாடி போன்ற ஒரு செதில் இருக்கும். இமை இல்லாததால் தூசியைத் துடைக்க நாக்குதான் கதி. மணல் பறக்கும் ஊரில் இந்தத் துடைப்பு வேலை ஓயாத வேலை. அதையே நீர் குடிக்கும் வழியாகவும் இந்தப் பல்லி பயன்படுத்திக்கொள்கிறது.

பாதம்

சரி, பாதத்துக்கு வருவோம். சாதாரணப் பல்லி எப்படிச் சுவரில் ஒட்டுகிறது என்பதை முதலில் தெரிந்துகொண்டால்தான் சவ்வுக்கால் பல்லி எதைக் கைவிட்டிருக்கிறது என்பது புரியும்.

பல்லியின் விரலுக்கு அடியில் குறுக்குவாட்டில் வரிவரியாகத் தகடுகள் இருக்கும். அவற்றின் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் அடர்ந்திருக்கும். டோக்கே என்ற பெரிய பல்லியின் ஒரு பாதத்தில் மட்டும் சுமார் ஐந்து லட்சம் நுண்மயிர்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நீளம். ஒவ்வொரு மயிரின் நுனியும் மீண்டும் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரியும். இதில் பசை கிடையாது, உறிஞ்சும் கிண்ணம் கிடையாது. அந்த நுனிகள் பரப்பை மிக மிக நெருங்கும்போது மூலக்கூறுகளுக்கிடையே உருவாகும் வான் டெர் வால்ஸ் விசைதான் பல்லியைத் தாங்குகிறது. 2000-ஆம் ஆண்டில் ஒற்றை நுண்மயிரின் விசையை அளந்து காட்டினார்கள். அது வான் டெர் வால்ஸ் விசைதான் என்பதற்கான சான்று 2002-இல் வெளியானது.

இந்த ஏற்பாடு வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு: பிடிக்கப்படும் பரப்பு அசையாமல் இருக்க வேண்டும். மணல் அசையும். ஒரு மணற்துகளை எவ்வளவு இறுகப் பிடித்தாலும் அந்தத் துகளே உருண்டு போய்விடும். போதாக்குறைக்கு நுண்மயிர்களுக்கிடையே தூள் புகுந்து அடைத்துக்கொள்ளும். ஒட்டும் பாதம் மணலில் பயனற்றது என்பது மட்டுமல்ல, தோண்டும்போது இடைஞ்சலும்கூட.

சவ்வுக்கால் பல்லியின் முன்னோருக்கு ஒட்டும் தகடுகள் இருந்தன. மணல் வாழ்க்கைக்கு வந்த வழித்தோன்றலில் அவை மறைந்துபோய், விரல்களுக்கிடையே சவ்வு வளர்ந்தது. அது வெறும் தோல் மடிப்பு அல்ல. சவ்வுக்குள் சிறுசிறு குருத்தெலும்புகள் தாங்குகோலாக இருக்கின்றன. அவற்றை அசைக்க நுண்ணிய தசைகளும் உண்டு. வேண்டும்போது விரித்து, வேண்டாதபோது சுருக்கிக்கொள்ள முடியும்.

மணலில் கால் புதையாமல் நடப்பதற்காகத்தான் இந்தச் சவ்வு என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். எடையைப் பரப்ப அது உதவாமல் இல்லை. ஆனால் பாதத்தின் உள்ளமைப்பையும் பல்லி தோண்டும் விதத்தையும் கூர்ந்து ஆராய்ந்தவர்கள் சொல்லும் முக்கிய வேலை வேறு: தோண்டுவது. சில கிராம் எடையுள்ள ஒரு பல்லிக்கு மணலில் புதைந்துபோகும் ஆபத்து அவ்வளவு பெரிதல்ல. பகல் வெயிலிலிருந்து தப்பிக்க இடம் இல்லாமல் போவதுதான் உயிருக்கே ஆபத்து. எனவே இந்தப் பாதத்தை மண்வெட்டி என்று பார்ப்பதுதான் பொருத்தம். முன்காலை மணலில் குத்தி, சவ்வை விரித்து, வாரிய மணலைப் பின்னுக்குத் தள்ளும். அதைப் பின்கால் வாங்கி வெளியே வீசும். உலர்ந்த மேல்மணலைக் கடந்து சற்றே ஈரமுள்ள அடிமணலை எட்டியதும் வளை சரியாமல் நிற்கத் தொடங்கும். அரை மீட்டர் வரைகூட உள்ளே போகும் வளைகளை இது தோண்டுகிறது.

அந்த அரை மீட்டரின் மதிப்பு என்ன? நமீபில் கோடை நண்பகலில் மணலின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டில் வெளியே மாட்டிக்கொள்ளும் மென்தோல் பல்லி சில நிமிடங்களில் செத்துவிடும். உள்ளே போகப் போகப் பகல் சூடும் இரவுக் குளிரும் அவ்வளவாக எட்டாது. வளைக்குள் காற்றிலும் ஈரம் அதிகம் என்பதால் தோல் வழியாக நீர் இழப்பதும் குறைகிறது. மெல்லிய தோலோடு பாலைவனத்தில் வாழும் ரகசியம் தோலில் இல்லை. பகல் முழுக்க அந்தத் தோலை வெளியே காட்டாமல் இருப்பதில் இருக்கிறது.

இரவு வேலை

இருட்டிய பிறகுதான் வெளியே வரும். சிலந்தி, கறையான், சிள்வண்டு, சிறு வண்டுகள் எல்லாம் உணவு. உணவிலிருந்தே கணிசமான நீரும் கிடைத்துவிடுகிறது.

இதைத் தின்னக் காத்திருப்பவர்களும் இரவில்தான் வருகிறார்கள். ஆந்தை, நரி போன்றவை எல்லாப் பாலைவனத்திலும் உள்ளவை. நமீபுக்கே உரிய எதிரிகள்தான் சுவாரசியம். பெரிங்கே விரியன் என்ற சிறு பாம்பு மணலுக்குள் உடலைப் புதைத்துக்கொண்டு கண்களை மட்டும் வெளியே வைத்துக் காத்திருக்கும். அதன் கண்கள் தலையின் பக்கவாட்டில் இல்லாமல் உச்சியில் அமைந்திருப்பது இதற்காகவே. இன்னொரு எதிரி ஒரு சிலந்தி! லியூகார்க்கெஸ்ட்ரிஸ் என்ற வெண்ணிறப் பெரிய சிலந்தி இரவில் மணற்குன்றுகளில் அலைந்து வேட்டையாடும். அது இந்தப் பல்லியைப் பிடித்துத் தின்பது பதிவாகியிருக்கிறது. சிறிய சிலந்தியைப் பல்லி தின்கிறது, பெரிய சிலந்தி பல்லியைத் தின்கிறது. அங்கே யார் யாருக்கு இரை என்பதை அளவுதான் முடிவு செய்கிறது.

மிரட்டப்பட்டால் உடலைத் தூக்கி நின்று, வாயைத் திறந்து கீச்சிடும். ஊர்வனவற்றில் குரல் எழுப்பும் கூட்டம் என்றால் அதில் பல்லிகளுக்குத்தான் முதலிடம்.

இனப்பெருக்கத்தில் பெரிய விசித்திரம் ஒன்றும் இல்லை. பல்லிகளின் வழக்கப்படி ஒரு முறைக்கு இரண்டு முட்டை. மணலுக்குள் இட்டுவிட்டுத் தாய் போய்விடும். முட்டை ஓடு சுண்ணாம்பால் ஆனது, கெட்டியானது. இந்த ஓட்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வகைப்பாட்டில் மறுபடியும் வரும்.

நிலவொளியில் பச்சை

2021-இல் இந்தப் பல்லி திடீரென்று செய்திகளில் வந்தது. மியூனிக் நகர ஆய்வாளர்கள் புறஊதா விளக்கின் கீழ் இதைப் பார்த்தபோது, கண்ணைச் சுற்றியும் உடலின் இரு பக்கங்களிலும் தாழ்வாக ஓடும் பட்டையிலும் பளிச்சென்ற பச்சை ஒளி தெரிந்தது. ஆண், பெண் இரண்டிலும் இது உண்டு.

ஒளிர்தல் என்றால் மின்மினி மாதிரி தானாக ஒளியை உற்பத்தி செய்வது அல்ல. நீலம், புறஊதா போன்ற குறைந்த அலைநீள ஒளியை வாங்கிக்கொண்டு, அதைவிட நீண்ட அலைநீளத்தில் திருப்பி அனுப்புவது. இந்தப் பல்லி திருப்பி அனுப்பும் ஒளி 516 நானோமீட்டர் அளவில் உச்சம் பெறுகிறது. அது பச்சை.

அதிலும் விஞ்ஞானிகளைக் கவர்ந்தது இந்த ஒளி எங்கிருந்து வருகிறது என்பதுதான். சில பச்சோந்திகளில் ஒளிர்வது எலும்பு. மெல்லிய தோல் வழியாக அது வெளியே தெரிகிறது. இங்கே ஒளிர்வது இரிடோஃபோர் என்ற நிறமிச் செல்கள். குவானைன் என்ற வேதிப்பொருளின் படிகங்களால் நிரம்பிய இந்தச் செல்கள் ஒளியைப் பிரதிபலிப்பவை என்றுதான் அதுவரை பெயர். மீனின் வெள்ளிப் பளபளப்புக்கும் இவைதான் காரணம். நாலுகால் முதுகெலும்பிகளில் இவையே ஒளிர்வது இந்தப் பல்லியில்தான் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. உடல் முழுக்க இரிடோஃபோர்கள் இருந்தாலும், அவற்றில் ஒரு வகை மட்டுமே ஒளிர்கிறது, அதுவும் அந்தப் பட்டையிலும் கண் ஓரத்திலும் மட்டும்.

எதற்காக? ஆய்வாளர்களின் கருத்து இது: பட்டை தாழ்வாக இருப்பதால் மேலேயிருந்து பார்க்கும் ஆந்தைக்குத் தெரியாது, அதே உயரத்தில் மணலில் நிற்கும் இன்னொரு பல்லிக்குத் தெரியும். நிலவொளியில் நீலக் கதிர்கள் உண்டு. சுற்றிலும் வெளிர்மணல். அந்தப் பின்னணியில் ஒரு பச்சைக் கீற்று, ஆங்காங்கே சிதறி வாழும் பல்லிகள் ஒன்றையொன்று கண்டுகொள்ள உதவலாம். இது இன்னும் கருதுகோள்தான். ஆனால் இரவில் நிறம் தெரியுமா என்ற ஐயம் மட்டும் வேண்டாம். 2004-இல் வேறொரு இரவுப் பல்லியிடம் செய்த சோதனையில், மனிதருக்கு எல்லாமே சாம்பல் நிறமாகத் தெரியும் மங்கிய நிலவொளியிலும் அது நிறங்களைப் பிரித்தறிந்தது. பல்லிகளின் முன்னோர்கள் பகலில் வாழ்ந்தவர்கள். பகல் பார்வைக்கான கூம்புச் செல்களே பின்னாளில் இரவுக்கு ஏற்றபடி ஒளியுணர்வு கூடப் பெற்றன. அவை புறஊதா, நீலம், பச்சை ஆகிய மூன்றையும் உணரும்.

யாருக்கு யார் சொந்தம்?

இனி வகைப்பாடு. பாடப்புத்தகத்தில் இதை ஓர் ஏணியாகப் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். அப்படிப் படித்தால் சலிப்புத்தான் வரும். உண்மையில் அது ஒரு குடும்ப மரம். ஒவ்வொரு படியும், ஒரு காலத்தில் வாழ்ந்த ஒரு பொது மூதாதையைக் குறிக்கிறது.

பல்லி ஒரு முதுகெலும்பி, ஊர்வன. ஊர்வனவற்றுள் செதிலுடையவை என்ற வரிசையில் ஓணான், உடும்பு, அரணை, பாம்பு எல்லாவற்றோடும் சேர்ந்து நிற்கிறது. அந்த வரிசைக்குள் பல்லிகளின் கூட்டத்துக்குக் கெக்கோட்டா என்று பெயர். இங்கே ஒரு செய்தி: பல்லியும் ஓணானும் பார்க்க ஒரே மாதிரி, பாம்பு வேறு மாதிரி. ஆனால் மரபணு மரத்தில் ஓணானுக்குப் பாம்புதான் நெருக்கம். பல்லிகளின் கிளை வெகு முன்பே பிரிந்துவிட்டது. கால் இருக்கிறதா இல்லையா என்பது உறவைச் சொல்லாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. கெக்கோட்டாவுக்குள்ளேயே ஆஸ்திரேலியாவில் காலில்லாத பல்லிக் குடும்பம் ஒன்று இருக்கிறது. பார்த்தால் பாம்பு என்றே நினைப்போம்.

கெக்கோட்டாவில் ஏழு குடும்பங்கள், மொத்தம் 2,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள். இவற்றில் மூன்று குடும்பங்கள் மட்டுமே கெட்டியான சுண்ணாம்பு ஓடு கொண்ட முட்டை இடுகின்றன. மற்ற குடும்பங்களில் முட்டையிடுபவற்றின் முட்டை தோல்போல மென்மையாக இருக்கும். அந்த மூன்றில் மிகப் பெரியது கெக்கோனிடே. சவ்வுக்கால் பல்லி இதில் சேர்ந்தது. வீட்டுச் சுவரில் ஓடும் ஹெமிடாக்டைலஸ் பல்லிகளும் இதே குடும்பம்தான், சற்றுத் தூரத்துச் சொந்தம்.

குடும்பம் வரை சிக்கல் இல்லை. நெருங்கிய சிற்றினங்களைத் தொகுக்கும் அடுத்த படியான பேரினத்தில்தான் சிக்கல் வந்தது.

1908-இல் சுவீடன் விலங்கியலாளர் லார்ஸ் கேப்ரியேல் ஆண்டர்சன் இந்தப் பல்லியை முதன்முதலாக அறிவியல் உலகுக்கு விவரித்தார். மாதிரி கிடைத்த இடம் லூடெரிட்ஸ் துறைமுகப் பகுதி. அப்போது அது ஜெர்மானியரின் தென்மேற்கு ஆப்பிரிக்கக் காலனியில் இருந்தது. அங்கே பணியாற்றிய ஜெர்மானிய நிலவியலாளர் பால் ராங்கெயின் நினைவாக ராங்கெயி என்ற சிற்றினப் பெயர் சூட்டப்பட்டது. அதே 1908-இல்தான் லூடெரிட்ஸ் அருகே மணலில் வைரம் கிடைத்து, அந்தக் கடற்கரையின் பெரும்பகுதி வெளியார் நுழையத் தடைசெய்யப்பட்ட நிலமாக மாறியது.

ஆண்டர்சன் முன்னால் இருந்த பல்லிக்குச் சவ்வுக்கால். அன்றைக்கு அறிந்திருந்த பல்லிகளிலிருந்து அது மிகவும் வேறுபட்டு நின்றது. ஆகவே இதற்கென்றே பால்மட்டோகெக்கோ என்ற தனிப் பேரினத்தை உருவாக்கினார். அன்றைக்கு அது முற்றிலும் நியாயமான முடிவு. உருவத்தைப் பார்த்துத்தான் வகைப்படுத்த முடியும். அந்த உருவமோ அவ்வளவு தனித்துவமானது. பிறகு 1966-இல் நமீபியாவின் வடமேற்கிலிருந்து இன்னொரு சவ்வுக்கால் பல்லி விவரிக்கப்பட்டது. அதன் சவ்வு இதைவிடச் சிறியது. அதற்கும் காவோகோகெக்கோ என்று ஒரு தனிப் பேரினம் கொடுத்தார்கள்.

மரபணுவைப் படிக்கும் வசதி வந்ததும் கதை மாறியது. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் பாக்கிடாக்டைலஸ் என்ற பெரிய பேரினம் இருக்கிறது. 50-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள், பெரும்பாலானவை பாறைகளில் ஒட்டி ஏறுபவை, பரந்த விரல் தகடுகள் உடையவை. 2005-இல் ஆரன் பௌவர், டிரிப் லாம்ப் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தக் கூட்டத்தின் மரபணுக்களை ஒப்பிட்டு ஒரு மரம் வரைந்தார்கள். அதில் சவ்வுக்கால் பல்லிகள் இரண்டும் தனிக் கிளையாக வெளியே நிற்கவில்லை. பாக்கிடாக்டைலஸ் கிளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தன.

இதற்கு என்ன பொருள் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஒரு பாட்டியின் பேரப்பிள்ளைகள் எல்லாரையும் ஒரு குடும்பம் என்று எழுதுகிறோம். அதில் ஒரு பேரன் மட்டும் வித்தியாசமாக இருக்கிறான் என்பதற்காக அவனைப் பட்டியலிலிருந்து நீக்கினால், மிச்சமிருக்கும் பட்டியல் அந்தப் பாட்டியின் வாரிசுப் பட்டியலாக இருக்காது. இன்றைய வகைப்பாட்டியலின் அடிப்படை விதி இதுதான்: ஒரு பேரினம் என்றால் ஒரு மூதாதையும் அதன் எல்லா வழித்தோன்றல்களும். விட்டுவிடக் கூடாது. எனவே பால்மட்டோகெக்கோவும் காவோகோகெக்கோவும் தனிப் பேரினங்களாக இருக்க முடியாது. இரண்டும் பாக்கிடாக்டைலஸுக்குள் வந்து சேர்ந்தன.

அடுத்த ஆண்டு, 2006-இல், அதே இருவர் நமீப், கலஹாரி பகுதிகளின் மணல் பல்லிகளை மட்டும் எடுத்துக்கொண்டு விரல் தகடுகளைப் பார்த்தார்கள். மணலில் வளை தோண்டும் பல்லிகள் பலவற்றில் தகடுகள் குறைந்தோ மறைந்தோ இருந்தன. ஆனால் அவை எல்லாம் ஒரே கிளையில் இல்லை. வெவ்வேறு கிளைகளில், தனித்தனியாக, அதே இழப்பு நடந்திருந்தது. மணல் ஒரே கேள்வியைக் கேட்டது; உறவில்லாதவர்களும் ஏறத்தாழ ஒரே பதிலைச் சொன்னார்கள். அரேபியப் பாலைவன மணலிலும் விரலிடைச் சவ்வுள்ள சிறு பல்லி ஒன்று உண்டு. அதுவும் கெக்கோனிடே குடும்பம்தான் என்றாலும் கிளை வேறு. அதன் சவ்வு தனியாக வளர்ந்தது.

உலகப் பல்லிகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த 2012-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று இதை இன்னும் பெரிய அளவில் காட்டியது. ஒட்டும் விரல் தகடுகள் பல்லிகளின் வரலாற்றில் 11 முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கின்றன, 9 முறை மறைந்திருக்கின்றன என்பது அதன் கணிப்பு. அவ்வளவு நுணுக்கமான ஒட்டும் பாதம்கூட, தேவைப்பட்டால் வரும், தேவையில்லாவிட்டால் போகும். ஆகவே விரலை மட்டும் வைத்துப் பேரினத்தைப் பிரித்தால் தவறு நேர்வது தவிர்க்க முடியாதது. பல்லிகளின் பழைய பேரினங்கள் பல விரலை வைத்துப் பிரிக்கப்பட்டவை என்பதை நினைத்துப் பார்த்தால், கடந்த சில பத்தாண்டுகளில் எவ்வளவு பெயர்கள் மாறியிருக்கும் என்று ஊகிக்கலாம்.

பெயரை எப்படிப் படிப்பது?

அறிவியல் நூல்களில் இந்தப் பல்லியின் முழுப் பெயரை இப்படி எழுதுவார்கள்: பாக்கிடாக்டைலஸ் ராங்கெயி (ஆண்டர்சன், 1908). அந்த அடைப்புக்குறி அலங்காரத்துக்காகப் போட்டது அல்ல. விலங்கியல் பெயரிடும் விதிப்படி, முதலில் விவரித்தவரின் பெயர் அடைப்புக்குறிக்குள் இருந்தால், அவர் வைத்த பேரினத்திலிருந்து அந்தச் சிற்றினம் பின்னர் வேறு பேரினத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். மாறவில்லை என்றால் அடைப்புக்குறி இருக்காது. பேரினம் மாறினாலும் சிற்றினப் பெயரும், அதை முதலில் விவரித்தவரின் உரிமையும் அப்படியே நிற்கும். ராங்கெயி என்பது ராங்கெயியாகவே இருக்கிறது. ஒரு நூற்றாண்டு வரலாற்றை இரண்டு வளைகோடுகள் சொல்லிவிடுகின்றன.

பழைய புத்தகங்களிலும், ஊர்வன வளர்ப்போர் மத்தியிலும் பால்மட்டோகெக்கோ என்ற பெயர் இன்றும் புழங்குகிறது. தேடும்போது இரண்டு பெயர்களையும் போட்டுத் தேடுவது நல்லது. 2005-க்கு முந்தைய அருமையான கள ஆய்வுகள் பலவும், பாதத்தின் தசைகளைப் பிரித்துக் காட்டிய கட்டுரைகள் உட்பட, பழைய பெயரில்தான் கிடைக்கும். படங்களை வைத்து அடையாளம் காண்பதென்றால், முதலில் நான்கு பாதங்களையும் பாருங்கள். சவ்வு விரல் நுனிவரை நிறைந்திருந்தால் அது ராங்கெயி. சவ்வு குறைவாக இருந்து, படம் நமீபியாவின் வடமேற்குப் பகுதியில் எடுத்ததாக இருந்தால், அது 1966-இல் விவரிக்கப்பட்ட மற்றச் சிற்றினமாகிய பாக்கிடாக்டைலஸ் வான்சைலியாக இருக்க வாய்ப்பு அதிகம்.